ஆழம் அளந்தவர்

அடிமுடி தேடிய கதையை அறியாதவர் திருவண்ணாமலையில் இலர். அன்னமாகி மேலே பறந்த நான்முகன் முடியைக் கண்டிலன். பன்றியாகி மண்ணை அகழ்ந்து சென்ற திருமால் அடியைக் கண்டிலன். சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் இலிங்கோத்பவர் வடிவத்தின் மேற்புறம் அன்னமும் கீழ்ப்புறம் பன்றியும் செதுக்கப்பட்டிருப்பதை வழிபடச் செல்வோர் நாள்தோறும் காண்கின்றனர். உயரத்துக்கும் ஆழத்துக்கும் எல்லை தேடும் வேட்கை அவ்வளவு பழமையானது. அந்த இரு திசைகளிலும் மனித உடல் எதுவரை தாங்கும் என்று அளந்தறிவதையே தம் பணியாகக் கொண்ட ஒரு குடும்பம் அண்மைக் காலத்தில் வாழ்ந்தது. தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன். மகன் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். ஜே.பி.எஸ். என்று நண்பர்களால் அழைக்கப்பட்ட மகன், ஆங்கிலேயராகப் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்தவர்.

கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் அண்ணாமலையின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 814 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையில் இருப்பதைக் காட்டிலும் காற்றின் அழுத்தம் அங்கே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கடலுக்குள் ஒரு மீட்டர் இறங்கினாலே அதே அளவு அழுத்தம் கூடிவிடுகிறது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. ஆழம் உடலிடம் கேட்கும் விலை உயரம் கேட்பதைவிட எத்தனை கடுமையானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இன்று புதுச்சேரிக் கடலிலும் அந்தமான் கடலிலும் அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய கலனை முதுகில் சுமந்து ஸ்கூபா முக்குளிப்புக் கற்போர் பலர். கரையேறிய பின் அவர்களுள் சிலருக்குக் குமட்டல் உண்டாகிறது. படகின் ஆட்டம், விழுங்கிய உப்புநீர், வெறும் வயிறு என்று காரணம் சொல்லி அதனை மறந்துவிடுவர். பெரும்பாலான வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே குமட்டல் கெட்ட காற்றினாலும் வரலாம். காதின் உட்பகுதி தடுமாறுவதாலும் வரலாம். குருதியிலும் திசுக்களிலும் தோன்றும் நுண்குமிழிகளாலும் வரலாம். ஒன்றுபோல் தோன்றும் இந்தத் துன்பங்களைப் பிரித்தறியும் அறிவு எளிதில் கிடைத்ததன்று. அதில் ஒரு பெரும்பகுதியைத் தம் உடலில் துன்புற்றுத் தேடித் தந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

அவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை உடலியங்கியல் அறிஞர். சுரங்கங்களிலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் மக்கள் மூச்சுத்திணறி இறப்பதன் காரணத்தை ஆராய்ந்தவர். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைத் தாமே சுவாசித்து, அது குருதியில் செய்யும் கேட்டினைக் குறித்துவைத்தவர். சுண்டெலியும் சிறு பறவையும் மனிதருக்கு முன்பே அந்த வாயுவால் தளர்ந்துவிடும் என்பதால், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும்படி அறிவுறுத்தியவரும் அவரே. ஸ்கூபாக் கலனில் காற்றை நிரப்பும் பொறியின் புகை உள்ளே கலந்துவிட்டால் முக்குளிப்போருக்குத் தலைவலியையும் குமட்டலையும் தருவது இதே வாயுதான்.

மகனுக்கு அளித்த பாடங்களும் இத்தகையனவே. ஒருமுறை ஸ்டாஃபர்டுஷயர் பகுதிச் சுரங்கம் ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்ற தந்தை, கூரை தாழ்ந்த ஓரிடத்தில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் இரங்கலுரையைச் சொல்லச் சொன்னார். சில வரிகளுக்குள் சிறுவனுக்கு மூச்சிரைத்தது, கால்கள் துவண்டன, தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் மூச்சு நன்றாக வந்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பான். இக்காலப் பெற்றோர் இத்தகைய கல்விமுறையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆயினும் அந்தச் சிறுவன் தந்தையிடம் ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டான். உடலில் தோன்றும் ஒவ்வோர் அறிகுறியும் ஏதோ ஒன்றைத் தெரிவிக்கிறது. அதனை அஞ்சாமல் உற்றுநோக்க வேண்டும்.

அந்நாளில் பிரித்தானியக் கடற்படையின் முக்குளிப்போர் ஆழத்தில் சிறிது வேலை செய்தாலே மயங்கினர். சிலர் மேலே வந்தபின் மூட்டுவலியாலும் முடக்குவாதத்தாலும் துன்புற்றனர், சிலர் இறந்தனர். இதனை ஆராயக் கடற்படை அமைத்த குழுவில் தந்தை ஹால்டேன் பணியாற்றினார். ஆழத்தில் உண்டாகும் மயக்கத்துக்குக் காரணம் தலைக்கவசத்துக்குள் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு என்று கண்டார். காற்றில் நூற்றில் ஒரு பங்கு அவ்வாயு இருந்தால் நிலத்தில் எவரும் உணர்வதில்லை. அதே காற்றைப் பத்து மடங்கு அழுத்தத்தில் சுவாசித்தால், நிலத்தில் நூற்றில் பத்துப் பங்கைச் சுவாசித்ததற்கு அது ஒப்பாகும். எனவே ஆழம் கூடக்கூட மேலிருந்து செலுத்தும் காற்றின் அளவையும் கூட்ட வேண்டும் என்று அவர் விதித்தார்.

மேலே வந்தபின் வரும் நோய்க்குக் காரணம் வேறு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகும்போது அது குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. கோலிசோடாப் புட்டியில் கோலியை அழுத்தியதும் சீறிக்கொண்டு குமிழிகள் எழுவதைக் கண்டவர்களுக்கு அடுத்து நடப்பது விளங்கும். விரைந்து மேலே வருபவரின் உடலும் திறக்கப்பட்ட புட்டியைப் போன்றதே. குமிழிகள் மூட்டில் தோன்றினால் வலி. தண்டுவடத்தில் தோன்றினால் முடக்கம். உட்செவியில் தோன்றினால் தலைசுற்றலும் வாந்தியும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர் இக்குமிழிகளை முன்னரே கண்டிருந்தார். தந்தை ஹால்டேன் ஆடுகளை அழுத்தக் கூடத்தில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எந்தெந்தப் படிகளில் நின்று நின்று மேலே வரவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். பாய்காட், டேமன்ட் ஆகியோருடன் அவர் எழுதிய அந்த ஆய்வு 1908ஆம் ஆண்டு வெளியாயிற்று. இன்றைய முக்குளிப்பு அட்டவணைகள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களே. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்தும் சங்கும் குளித்த நம் மக்களை இந்நோய் பெரிதும் அண்டாதிருந்ததன் காரணமும் இதனால் விளங்குகிறது. நீருக்கடியில் அவர்கள் புதுக்காற்றைச் சுவாசிக்கவில்லை. கொண்டுசென்றது ஒரே மூச்சு.

குழுவின் கடற்சோதனைகள் 1906ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நடந்தன. பதின்மூன்று வயது மகனும் உடன் சென்று, முக்குளிப்பு உடை அணிந்து கடலில் இறங்கினான். பெரியவர்க்குத் தைத்த உடை; மணிக்கட்டு வழியே நீர் உட்புகுந்து கழுத்தளவு ஏறியது. குளிரில் நடுங்கியபடியே அவன் வெளியே வந்தான். தந்தையோ 1911ஆம் ஆண்டு அன்னத்தின் திசையில் சென்றார். அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 4300 மீட்டர் உயரத்தில் தங்கி, மெலிந்த காற்றுக்கு உடல் பழகும் விதத்தை ஆராய்ந்தார். மகனுக்கு ஆழமே வாய்த்தது.

மகன் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்றார். அறிவியலில் அவர் பட்டம் பெறவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. முதல் உலகப்போரில் படைவீரராகச் சென்றார். 1915இல் போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயு ஏவப்பட்டபோது தந்தைக்குத் துணையாக அவ்வாயு நிறைந்த அறைக்குள் நின்று முகமூடிகளைச் சோதித்தார். பின்னர் மெசபடோமியாவில் காயமுற்று இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின் மீது அவருக்குப் பற்று உண்டானது அப்போதுதான்.

போருக்குப்பின் கேம்பிரிட்ஜிலும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணிபுரிந்தார். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவருள் அவர் ஒருவர். ஃபிஷர், ரைட் ஆகியோர் மற்ற இருவர். மனித மரபணுவில் திடீர் மாற்றம் எவ்வளவு அரிதாக நிகழ்கிறது என்பதை முதன்முதலில் மதிப்பிட்டவரும் அவரே. மரபியல் மாணவர்கள் அவரை அறிவது இவற்றால்தான். முக்குளிப்போர் அவரை அறிய வேண்டிய காரணம் 1939ஆம் ஆண்டில் நேர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் முதல் நாள், லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. நீர்க்கணை செலுத்தும் குழாயின் வெளிக்கதவு கடலுக்குத் திறந்திருந்தது. அதனை அறிவிக்க வேண்டிய சிறு துளை வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்தது. உட்கதவு திறக்கப்பட்டதும் கடல் உள்ளே புகுந்தது. கப்பலில் வழக்கமாக இருப்போரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர், கட்டுமானத் தொழிலாளர் உட்பட 103 பேர், இருந்தனர். கப்பலின் பின்முனை நீருக்கு வெளியே தெரிந்தும் அவர்களைக் காப்பாற்ற இயலவில்லை. டேவிஸ் கருவி எனப்படும் ஆக்சிஜன் மூச்சுக் கருவியை அணிந்து நால்வர் மட்டும் தப்பி மேலே வந்தனர். 99 பேர் மாண்டனர்.

நால்வர் தப்பிய வழியில் மற்றவர்களால் ஏன் தப்ப முடியவில்லை? இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள் இக்கேள்வியுடன் ஹால்டேனை நாடின. அவர் ஏட்டைப் புரட்டி விடை சொல்ல விரும்பவில்லை. ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டுத் திரும்பிய நான்கு தொண்டர்களைத் துணைக்கு அழைத்தார். உடல் துன்பத்துக்கு அஞ்சாதவர்கள், இடர்வேளையில் பதறாதவர்கள் என்பதே அவர்களின் தகுதி. முக்குளிப்புக் கருவிகள் செய்யும் சீப் கார்மன் நிறுவனத்தின் எஃகு அறைக்குள் அடைபட்டு, தம் மூச்சாலேயே கெட்டுக்கொண்டிருந்த காற்றை அவர்கள் சுவாசித்தனர். மூச்சு இரைத்தது, தலை வலித்தது. இவை எதிர்பார்த்தவையே.

எதிர்பாராதது அதன்பின் நிகழ்ந்தது. கெட்ட காற்றை விட்டு நல்ல காற்றுக்கும் ஆக்சிஜனுக்கும் மாறியபோது துன்பம் தீரவில்லை. சிலருக்குத் தலைவலி கடுமையானது, குமட்டல் எழுந்தது, வாந்தி வந்தது. மிகுதியான கார்பன் டை ஆக்சைடுக்கு உடல் தன்னை ஒருவாறு பழக்கிக்கொள்கிறது. அது திடீரென விலகும்போது நிலைகுலைகிறது. நச்சு நீங்கும் கணத்தில் நோய் வெளிப்படுகிறது. தீட்டிஸ் கப்பலில் பல மணி நேரம் கெட்ட காற்றில் கிடந்தவர்கள், தப்புவதற்காகக் கருவியின் குழாயை வாயில் கவ்வி ஆக்சிஜனை இழுத்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளம் சூழ்ந்த குறுகிய அறையில், வாயில் குழாயைக் கவ்வியிருப்பவருக்கு வாந்தி வருமானால் குழாய் வாயினின்று விலகும். அடுத்த மூச்சில் நுழைவது கடல்நீராகும். விசாரணை மன்றத்தின் முன் ஹால்டேன் தம் சோதனைகளின் முடிவுகளை எடுத்துரைத்தார். அவ்வாண்டே லான்செட் மருத்துவ இதழில் நான்கு தொண்டர்களின் பெயர்களும் ஹால்டேனின் பெயரும் ஆசிரியர்களாக அமைய, ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பட்டம் பெற்றவர்க்குக் கிடைக்கும் மதிப்பைத் துன்பம் ஏற்றவர்க்கும் பகிர்ந்தளித்த அச்செயல் அவருடைய இயல்பைக் காட்டுவது.

ஸ்கூபா பழகுவோர் பலர் காற்றைச் சிக்கனப்படுத்த எண்ணி மூச்சை இடையிடையே நிறுத்துவதுண்டு. அதனால் அவர்கள் உடலில் சேர்வதும் இதே வாயு. கரையேறியபின் தலைவலியும் குமட்டலும் வருவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றென்று இன்றைய பயிற்சியாளர் எச்சரிக்கின்றனர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் கடற்படையே ஹால்டேனின் உதவியைக் கேட்டது. மார்ட்டின் கேஸ், ஹெலன் ஸ்பர்வே முதலியோருடன் அவர் அதே எஃகு அறைகளுக்குள் மீண்டும் மீண்டும் புகுந்தார். ஸ்பெயினின் முன்னாள் தலைமை அமைச்சரும் உடலியங்கியல் அறிஞருமான ஹுவான் நெக்ரீனும் சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தோருள் ஒருவர். பத்து மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் கள்ளுண்டவர் போன்ற மயக்கம் தருகிறது; எளிய கணக்குகள் பிழைபடுகின்றன, கைகள் தடுமாறுகின்றன. அந்நிலையில் தம் அறிவு தெளிவாக இருப்பதாகவே அவரவர் நம்புவதுதான் பேரிடர். கடலின் குளிரையும் சேர்த்து அறிய விரும்பிய ஹால்டேன், அழுத்த அறைக்குள் உருகும் பனிக்கட்டி மிதக்கும் நீரில் அமர்ந்தார். உயிர் காக்கும் ஆக்சிஜனும் மிகுந்த அழுத்தத்தில் நஞ்சாகும். குமட்டலும் உதட்டுத் துடிப்பும் முன்னறிவிப்புகள், வலிப்பு பின்தொடரும். இவ்வாறு வந்த வலிப்பு ஒன்றில் அவருடைய முதுகெலும்புக் கணுக்கள் நொறுங்கின. மற்றொரு சோதனையில் தண்டுவடத்தில் தோன்றிய குமிழி, வாழ்நாள் முழுவதும் நீங்காத வலியை விட்டுச்சென்றது. செவிப்பறைகள் கிழிந்து ஆறின. ஆறாது எஞ்சிய துளை வழியே புகையிலைப் புகையை ஊதிக் காட்டி விருந்தினரைச் சிரிக்க வைப்பார்.

செவி பற்றிய செய்தி முக்குளிப்போர்க்கு இன்றியமையாதது. உடலின் நிலைப்பாட்டை உணர்த்தும் உறுப்பு உட்செவியில் உள்ளது. இரு செவிகளிலும் அழுத்தம் சமமாகாவிட்டாலும், கிழிந்த செவிப்பறை வழியே குளிர்ந்த நீர் ஒருபுறம் மட்டும் நுழைந்தாலும், அசையாதிருப்பவருக்கும் உலகம் சுழல்வதுபோல் தோன்றும். குமட்டல் உடன்வரும். இவ்வகைத் தலைசுற்றல் பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கும். கரையேறியபின் வந்த தலைசுற்றல் அடங்காதிருந்தாலும், மூட்டுவலி, உணர்விழப்பு, தள்ளாட்டம் ஆகியவற்றுடன் கூடியிருந்தாலும் குமிழிநோயை ஐயுற வேண்டும். அவருக்கு ஆக்சிஜன் தருவதும், அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தாழ்வான வழியில் கொண்டுசெல்வதுமே முறை. முக்குளித்த அன்றே விமானத்தில் பறப்பதும், சவ்வாது மலை போன்ற மலைப்பாதைகளில் ஏறுவதும் ஆகாது. உயரம் கூடினால் அழுத்தம் குறைந்து குமிழிகள் பெருகும்.

ஹால்டேனிடம் குறை இல்லாமலில்லை. பொதுவுடைமைக் கொள்கையில் அழுந்திய பற்றினால், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலை மறுத்து அறிஞர்களை ஒடுக்கிய காலத்தில் அவர் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். தம் உடலின் துன்பத்தை நேர்நின்று நோக்கியவர், தம் கட்சியின் தவற்றை நோக்குவதற்கு ஆண்டுகள் சில தேவைப்பட்டன. 1950ஆம் ஆண்டளவில் அக்கட்சியினின்று விலகினார்.

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாயைக் கைப்பற்ற பிரித்தானியா படையெடுத்ததை அவர் வன்மையாக எதிர்த்தார். மறு ஆண்டு, மகலனோபிஸ் அழைப்பை ஏற்று, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். இந்திய உடை அணிந்தார், புலால் நீத்தார், இந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையென்று வருந்திய இளைஞர்களிடம், கண்ணும் பொறுமையும் கொண்டு பறவைகளையும் செடிகளையும் எண்ணி ஆராயுமாறு வலியுறுத்தினார். சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். பின்னர் ஒடிசா அரசின் ஆதரவுடன் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார்.

அவருக்குக் குடலின் கடைப்பகுதியில் புற்றுநோய் கண்டது. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு படுக்கையில் இருந்தபோதே, தம் நோயைப் பற்றி நகைச்சுவைப் பாடல் ஒன்றை எழுதி இதழில் வெளியிட்டார். குருதிப்போக்கு போன்ற அறிகுறிகளைப் புறக்கணிக்காமல் காலத்தில் மருத்துவரை நாடும்படி மக்களைத் தூண்டுவதே அதன் நோக்கம். நோயாளியின் துன்பத்தைச் சிரிப்பாக்கலாமா என்று சிலர் முகம் சுளித்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் ஹால்டேன் உயிர் நீத்தார். மாணவர்களின் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் முன்னரே எழுதிவைத்திருந்தபடி, அவருடைய உடல் ஆந்திர மாநிலம் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைக்கப்பட்டது.